தரைக்கடியில் யாரும் இல்லை

மறுமுனையில் ஆள் இல்லாத கேபிள் அவள் கையில் இரண்டு முறை அசைந்தது.

தற்செயலான நடுக்கம் அல்ல அது. ஓர் இழுப்பு, ஒரு மூச்சுவிடும் இடைவெளி, மீண்டும் ஓர் இழுப்பு. பதினோரு ஆண்டுகளாக அவளுடைய உள்ளங்கை படித்துப் பழகிய பாடம். தரைக்கடியிலும் கூரைக்கு மேலும் ஒருவர் முகத்தை ஒருவர் காணாமல் கேபிள் இழுப்பவர்களுக்கு, இயந்திரங்களின் இரைச்சலில் கூவிப் பேச வழியில்லை. ஆகவே அவர்கள் கேபிளாலேயே பேசிக்கொண்டார்கள். ஒருமுறை இழுத்தால், நிறுத்து. இருமுறை இழுத்தால், இன்னும் விடு. மூன்றுமுறை இழுத்தால், சிக்கிக்கொண்டேன், ஆள் அனுப்பு. எந்தக் கையேட்டிலும் அச்சாகாத, எந்த அதிகாரியும் கற்றிராத அந்த மொழிக்கு அவள் கை தானாகவே கீழ்ப்படிந்தது. ஒரு முழம் விட்டாள். மூன்று முழம் விட்டாள். இயந்திரங்கள் அடுக்கிய ரேக்குக்கு அடியில் இருந்த சதுர ஓட்டைக்குள் கேபிள் வழுக்கிக்கொண்டு இறங்கியது. அவசரமில்லாமல், சீராக, பசியாறிய ஒருவர் மெல்ல உண்பதைப் போல.

அப்போதுதான் அவளுக்குப் பின்னால் கதவு திறந்தது.

"என்ன தங்கச்சி, நான் இல்லாமலே வேலை ஓடுது போல?"

பேட்டரி அண்ணன் நின்றுகொண்டிருந்தார். கீழ்த்தளத்தின் மின்கல அறைக்குப் பொறுப்பாளர் என்பதால் வந்த பெயர். ஐம்பத்தெட்டு வயது, ஓயாத வாய். இரண்டு கைகளிலும் காகிதக் குவளைகள். அடுத்திருந்த சுவிட்ச் ரூமில் குந்தியிருந்து, வழிகாட்டிக் கயிற்றோடு கட்டிய இந்தக் கேபிளின் மறுமுனையை இழுத்துக்கொண்டிருக்க வேண்டியவர் அவர்தான்.

"நீங்க எப்போ டீக்குப் போனீங்க?"

"பத்து நிமிஷம் ஆச்சு. இந்தா, ஆறிடும். உள்ள கொண்டு வரக்கூடாதுன்னு கதவுல எழுதியிருக்கு. குடிக்கக்கூடாதுன்னு எழுதல."

"அப்போ அங்க யாரு இருக்கா?"

"என் செருப்பு இருக்கு. வேணும்னா அதுக்கும் சம்பளம் போடச் சொல்லு."

அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த கேபிளைப் பார்த்தாள். அது இப்போது ஒரு கேபிளாக மட்டுமே இருந்தது.

வெளியே ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். உள்ளே அப்படி ஒரு பொழுது இருந்ததற்கு அடையாளமே இல்லை. சன்னலற்ற அந்த அறையில் வெயிலும் இல்லை, நிழலும் இல்லை. குழல்விளக்குகளின் வெளுத்த ஒளியும், குளிரூட்டிகளின் இடைவிடாத இரைச்சலும், புதிய பிளாஸ்டிக்கின் காரமான வாடையும் மட்டுமே நாள் முழுதும் ஆட்சி செய்தன. தரைக்குமேல் இன்னொரு தரை அங்கே. இரும்புக் கால்களின்மேல் சதுரப் பலகைகளை அடுக்கி, அடியில் ஒருவர் ஊர்ந்து செல்லும் அளவுக்கு இடம் விட்டு, அதற்குள் கேபிள்களையும் குளிர்காற்றையும் ஓட விட்டிருந்தார்கள். பொய்த்தரை என்று பெயர். அந்த அலுவலகத்தில் பெயருக்குப் பொருத்தமாக நடந்துகொண்டது அது ஒன்றுதான்.

அது ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் தலைமை அலுவலகம். செத்தவர் வீட்டுக்குத் தொகை வழங்குவதே அதன் தொழில். இலட்சக்கணக்கான பாலிசிகளைத் தாங்கப்போகும் புதிய தரவுச் சேமிப்பகம் ஆளுயர ரேக்கில் வந்து நின்றது: மேலே தலையாக இரண்டு கன்ட்ரோலர்கள், கீழே டிஸ்க்குகள் நிறைந்த எட்டுத் தட்டுகள். மாலை நான்கு மணிக்குள் அதற்குக் கேபிள் பூட்டி, மின்சாரம் கொடுத்து, விழிக்கச் செய்ய வேண்டும். இருபத்துநான்கு கேபிள்களில் இருபத்துமூன்று முடிந்துவிட்டன. கையிலிருப்பது கடைசி.

நான்கு மணி அவளுக்கு வேறொன்றின் எல்லையும்கூட. மேலாளரின் கோப்பில் அவளுடைய பணி நிரந்தர ஆணை தட்டச்சாகிக் கிடந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. பதினோரு ஆண்டுகள் ஒப்பந்தக் கூலியாக, ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படும் ஒரு பொருளாக வாழ்ந்தவளுக்கு, அந்தத் தாள் கிடைக்க வேண்டுமானால் இந்த ரேக்கில் பச்சை விளக்குகள் எரிய வேண்டும்.

"நீங்க போய் மறுபடி இழுங்க அண்ணே. சீக்கிரம் முடிப்போம்."

அவர் போனார். அவள் காத்திருந்தாள். கேபிள் அசையவில்லை. குளிரூட்டிகள் இரைந்தன. இடுப்பில் தொங்கிய வாக்கி-டாக்கி கரகரத்தது.

"தங்கச்சி, எவ்வளவு விட்ட?"

"பதினெட்டு மீட்டர் இருக்கும்."

"அங்கேயிருந்து இங்க பன்னெண்டு மீட்டர்தானே? இங்க ஒண்ணும் வரலையே. நான் கயிற இழுத்துட்டேன்."

"கயிறு வந்துச்சா?"

"கயிறு வந்துச்சு. கேபிள்தான் வரல." குரலில் இருந்த விளையாட்டு எங்கோ போய்விட்டிருந்தது. "முடிச்சு அறுந்து போகல தங்கச்சி. அவுத்திருக்கு."

அந்தக் கணத்தில் கேபிள் மீண்டும் இரண்டு முறை அசைந்தது.

*

அவனை எல்லோரும் ஒல்லி என்றே அழைத்தார்கள். தரைக்கடியில் நுழைவதற்கென்றே அளவெடுத்துச் செய்த உடம்பு. அந்த உடம்புக்காகவே வேலைக்கு எடுக்கப்பட்டவன். சாணுக்கு ஒரு பட்டை என்று கேபிள்களை அடியில் நேர்த்தியாகக் கட்டிக்கொண்டே போவான். "யாருடா அங்க வந்து பாக்கப்போறா?" என்று கேட்டால், "நான் பாக்குறேனேக்கா" என்பான்.

நான்கு மாதங்களுக்கு முன், இதே வரிசையில், பழைய இயந்திரம் நின்ற நாளில், அவன் கீழே இருந்தான். அவள் மேலே கேபிளைப் பிடித்திருந்தாள். சுவரைத் துளைத்துக்கொண்டிருந்த வேறொரு கும்பலின் தூசியைப் புகை என்று எண்ணிய கருவி ஊளையிட்டது. முப்பது விநாடிகள். அதற்குப் பிறகு கதவுகள் பூட்டிக்கொள்ளும்; தீயணைக்கும் வாயு அறையை நிரப்பும்; தீ மூச்சு முட்டிச் சாகும். தீ மட்டுமா? எல்லோரும் ஓடினார்கள். அவள் கையில் கேபிள் மூன்று முறை இழுத்தது. மூன்று. மறுபடியும் மூன்று. அவள் கேபிளை விட்டுவிட்டு ஓடினாள்.

வெளியே தலை எண்ணினார்கள். தலையையா எண்ணினார்கள்? வில்லையை எண்ணினார்கள். நிரந்தரப் பணியாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு பித்தளை வில்லை. உள்ளே போகும்போது பலகையில் மாட்டி, வெளியே வரும்போது எடுக்க வேண்டும். ஒப்பந்தக் கூலிகளுக்கோ, கும்பலுக்கு ஒன்று. பத்துப் பேருக்கு ஒரு வில்லை. மேஸ்திரி அதை எடுத்துக்கொண்டு ஓடிவந்திருந்தார். பலகை காலியாக இருந்தது. கணக்குச் சரியாக இருந்தது.

"ஒருத்தன் கீழ இருக்கான் சார்," என்று அவள் மேலாளரிடம் சொன்னாள். ஒரே ஒரு முறை சொன்னாள்.

மறுநாள் மேலாளர் அவளைத் தனியே அழைத்தார். ஆறு பலகைகளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, எல்லாப் பலகைகளையும் பார்த்ததாக அறிக்கை எழுதியிருந்தார். பதிவேட்டில் ஒல்லி உள்ளே வந்ததாகவே இல்லை. உள்ளே வராத ஒருவன் உள்ளே எப்படிச் சாவான்? வேலையை விட்டு ஓடிப்போனவன் அவன், அவ்வளவுதான். அறிக்கையின் அடியில் சாட்சிக்கு ஓர் இடம் விட்டிருந்தார்கள். "நீங்களும் பார்த்தீங்கன்னு ஒரு கையெழுத்து. அடுத்த நிரந்தரப் பட்டியல்ல உங்க பேரு வருது, தெரியும்ல?"

பதினோரு ஆண்டுகளில் அன்றுதான் அவர் அவளை ‘ஏம்மா’ என்னாமல் ‘நீங்க’ என்றார். அவள் கையெழுத்திட்டாள். பழைய இயந்திரத்தை அணைத்தார்கள்; வரிசைக்குத் திரை போட்டார்கள். மற்ற வரிசைகள் ஓடின. குளிர்காற்று நான்கு மாதங்கள் நிற்காமல், அடியில் கிடந்ததை உலர்த்தியது. சென்ற வாரம் அந்தப் பலகைகளின்மேல் புதிய ரேக்கை உருட்டி நிறுத்தினார்கள்.

*

சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. பெயரைப் பார்க்க வேண்டியதே இல்லை. ஞாயிறுதோறும் இந்த நேரத்துக்கு அழைப்பவள் ஒருத்திதான்.

"அக்கா, நான்தான். வேலையா இருக்கீங்களா?"

"சொல்லு."

"ஒண்ணுமில்லக்கா. அவரு பத்தி ஏதாச்சும் தெரிஞ்சுதான்னு..." ஒல்லியின் மனைவி எப்போதும் போல அங்கே நிறுத்தினாள். பிறகு வேறு குரலில் தொடர்ந்தாள். "வீட்டுக்காரம்மா கேக்குறாங்க, புருஷன் யாரோட ஓடிட்டான்னு. என் பையன் பள்ளிக்கூடத்துல சண்டை போட்டுட்டு வர்றான். செத்துட்டார்னா செத்துட்டார்னாவது சொல்லுங்கக்கா. நான் அழுதுட்டு வேற வேலையப் பாப்பேன்."

கேபிள் அவள் விரல்களுக்கிடையில் கிடந்தது. சொல்லிவிடலாம். ஒரே ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தின் முடிவில் மேலாளரின் அறிக்கை பொய்யாகும். அவள் சாட்சி பொய்யாகும். தட்டச்சான அந்தத் தாள் கிழியும்.

"எனக்கு எதுவும் தெரியாதும்மா."

"சரிக்கா. சாப்பிட்டீங்களா?"

அந்தக் கேள்விக்கு அவள் பதில் சொல்வதற்குள், கேபிள் இழுத்தது. கொஞ்சமாக அல்ல. விரல்களைச் சுட்டுக்கொண்டு இரண்டு முழம் ஓடிற்று. தொடர்பு அறுந்திருந்தது; அவள்தான் துண்டித்திருந்தாள்.

பயந்தவர்கள் இரண்டு வகை. ஓடுகிறவர்கள் ஒரு வகை. உண்மையைத் தெரிந்துகொள்ளாமல் நிற்க முடியாதவர்கள் இன்னொரு வகை. ஒருமுறை ஓடியவள் இம்முறை ஓடவில்லை. கேபிளை ஒரே ஒரு முறை இழுத்தாள். நிறுத்து.

கேபிள் நின்றது.

உடனே, பணிவாக, கேட்டுக்கொண்டேன் என்பது போல.

அவள் முழங்காலிட்டாள். உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர்க் கிண்ணங்கள் பொருத்திய கைப்பிடியை ரேக்குக்குப் பின்னாலிருந்த பலகையின்மேல் அழுத்தி, இரு கைகளாலும் தூக்கினாள். பலகை கனத்தது, பெயர்ந்தது, குளிர் முகத்தில் அறைந்தது. குளிரோடு ஒரு வாடையும் வந்தது. அழுகல் இல்லை. அழுகலாக இருந்திருந்தால் எப்போதோ கண்டுபிடித்திருப்பார்கள். பல நாள் வெயிலில் கிடந்த தோல்செருப்பின் வாடை, அதனோடு தூசி, அதனோடு, எப்படியோ, வியர்வை. புதிய வியர்வை.

கைவிளக்கை அடித்தாள்.

இரும்புக் கால்கள் வரிசை வரிசையாக இருளுக்குள் போயின. சிமெண்டுத் தரையில் தூசி. தூசியில் ஒரு தடம்; ஊர்ந்த தடம். அகலம் அதிகமில்லை, ஒல்லியான ஓர் உடம்பின் அகலம். தடம் பழையது அல்ல. அது போன இடமெல்லாம் தூசி நீங்கிச் சிமெண்டு பளிச்சென்று தெரிந்தது.

அவள் கொடுத்த கேபிள் முழுவதும் அங்கே இருந்தது. சிக்கலாக அல்ல, சுருளாக அல்ல. இரும்புக் கால்களை ஒட்டி, வளைவுகளில் வளைந்து, நேர்கோடுகளில் நேராக, சாணுக்கு ஒரு கறுப்புப் பட்டை கட்டி, நுனிகள் சீராக நறுக்கப்பட்டு.

வேலை நடந்துகொண்டிருந்தது.

அவளுக்குப் புரிந்தது, புரிந்தது என்பதே அவளைக் குலைத்தது. அவன் உள்ளே வந்ததாக எழுதப்படவில்லை. வெளியே போனதாகவும் எழுதப்படவில்லை. மணி அடித்து, ‘நீ போகலாம்’ என்று அவனிடம் யார் சொன்னார்கள்? உயிரோடிருந்தபோது ஓய்வு தராத இடம், செத்த பிறகா தரும்? எழுதப்படாதவனுக்குச் சாவு உண்டா, முடிவு உண்டா, வீடு உண்டா?

விளக்கின் வட்டத்துக்கு அப்பால் ஏதோ நகர்ந்தது. பட்டையைச் சுற்றி இறுக்கும் ஓசை. சரக். பிறகு ஒரு நறுக்கு.

கேபிள் மூன்று முறை இழுத்தது.

அவள் பலகையைப் போட்டு மூடினாள். மூடியதன்மேல் உட்கார்ந்தாள். இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்திக்கொண்டு, வாயால் மூச்சு வாங்கினாள்.

"என்ன மேடம், தரையில உக்காந்துட்டீங்க?"

*

மேலாளர் சலவைச் சட்டையில் வந்திருந்தார். ஒரு கையில் கோப்பு. பின்னால் பேட்டரி அண்ணன், கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல்.

"மணி மூணரை. தலைவர் போன்ல காத்துட்டிருக்கார். இன்னும் என்ன பாக்கி?"

"சார், கீழ..."

"கீழ என்ன?"

ரேக்கைக் காலி செய்ய வேண்டும், பலகைகளை எல்லாம் தூக்க வேண்டும், காவல்துறையை அழைக்க வேண்டும். அவள் நாக்கில் இவ்வளவும் இருந்தன. மேலாளர் கோப்பைத் திறந்தார். மேலே இருந்த தாளில் அவள் பெயர். அதன்கீழ் இன்னொரு தாள். மின்சாரம் கொடுப்பதற்கு முன் நிரப்ப வேண்டிய சான்று. அச்சடித்த ஒரே வாக்கியம்: தரைக்கடியில் யாரும் இல்லை என்று உறுதி கூறுகிறேன்.

"ரெண்டும் ஒண்ணா போட்டுடலாம்," என்றார் மேலாளர். "நீங்க இதுல போடுங்க. நான் அதுல போடறேன்."

அவள் பேட்டரி அண்ணனைப் பார்த்தாள். அவர் வந்து அவள் காதருகே குனிந்தார்.

"போடு தங்கச்சி," என்றார் மெதுவாக. "நான் எதையும் பாக்கல. நீயும் பாக்கல."

"கயிற அவுத்தது யாருண்ணே?"

"எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கு." அவர் எச்சில் விழுங்கினார். "அவன்தான் முதல் ஆளுன்னு நினைச்சியா? இந்தக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டினப்போ நான் காவலுக்கு நின்னவன். எத்தனை கும்பல் வந்துச்சு, எத்தனை பேரு திரும்பிப் போனாங்கன்னு என்னைக் கேக்காத. எல்லாம் ஒரு வில்லை, ஒரு வில்லைதான்."

அவள் பேனாவை வாங்கினாள். கையெழுத்திட்டாள். மேலாளரும் இட்டார். இரண்டு பேனாக்களும் ஒரே நேரத்தில் தாளில் கீறின.

"அந்தக் கடைசிக் கேபிள்?"

"அது... வரல சார்," என்றார் பேட்டரி அண்ணன்.

"இருபத்துமூணு போதும். கரண்ட் ஏத்துங்க."

சேமிப்பகத்தை எழுப்புவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் தட்டுகள். டிஸ்க்குகள் எல்லாம் சுழன்று நிலைத்த பிறகே கன்ட்ரோலர்கள். முறை தவறித் தலை முதலில் விழித்துக்கொண்டால், இன்னும் எழாத தட்டுகளை எல்லாம் ‘இல்லை’ என்று எழுதிவிடும். கண்ணெதிரே இருப்பதை இல்லை என்று எழுதிய பிறகு, அதை இருப்பதாக ஒப்புக்கொள்ள வைப்பது பெரும்பாடு. மின்சாரத்தின் இரு வழிகளையும் திறந்துவிடப் பேட்டரி அண்ணன் கீழ்த்தளத்துக்குப் போனார். வாக்கி-டாக்கியில் அவர் குரல் வந்தது.

"சிவப்பு லைன் கொடுத்துட்டேன்."

அவள் கீழ்த்தட்டின் விசையைத் தள்ளினாள். விசிறிகள் ஓலமிட்டு எழுந்து, பிறகு தணிந்தன. டிஸ்க்குகள் ஒவ்வொன்றாக உறுமின. உறுமல்கள் சேர்ந்து ஒரே முனகலாயின. இரண்டாம் தட்டு. மூன்றாம் தட்டு. ரேக் முழுதும் அதிர்ந்தது. அதிர்வு பலகைகளில் இறங்கி அவள் பாதங்களில் ஏறியது. எட்டாம் தட்டு.

"நீல லைன் கொடுத்துட்டேன்."

இரண்டு நிமிடம் காத்திருந்தாள். கன்ட்ரோலர்களின் விசையைத் தள்ளினாள்.

திரையில் எழுத்துகள் ஓடின. தட்டுகள் எட்டு, நலம். டிஸ்க்குகள், நலம். பாதைகள்...

"பிரமாதம்!" மேலாளர் கைதட்டினார். "கடைசி ஒண்ணு வரலன்னு சொன்னீங்க? இருபத்துநாலும் பச்சை!"

அவள் திரையைப் பார்த்தாள். இருபத்துநான்காம் பாதை. நலம். இணைந்துள்ளது.

ரேக்குக்குப் பின்னால் ஓடினாள். அவள் விட்டுவிட்டு எழுந்த கேபிளின் முனை தரையில் இல்லை. அது தன் துளையில் செருகப்பட்டு, மற்ற இருபத்துமூன்றோடும் சேர்த்து அழகாகக் கட்டப்பட்டிருந்தது. வாக்கி-டாக்கியை எடுத்தாள்.

"அண்ணே, சுவிட்ச் ரூம்ல அந்தக் கேபிள் மாட்டியிருக்கா, போய்ப் பாருங்க."

நீண்ட கரகரப்பு. ஓடும் காலடி. ஒரு கதவு.

"மாட்டியிருக்கு." மூச்சு. "ரூம நான்தானே பூட்டிட்டுப் போனேன். தங்கச்சி, லேபிள் ஒட்டியிருக்கு. பேனாவுல எழுதியிருக்கு."

"என்ன எழுதியிருக்கு?"

"இருபத்துநாலு. ஒல்லியோட கையெழுத்து தங்கச்சி." அவர் ஓடும் ஓசை. பிறகு அதுவும் இல்லை.

*

"மேடம், இங்க முன்பக்கம் வாங்க. ஒரு படம் எடுத்துத் தலைவருக்கு அனுப்பணும். ஆணையைக் கையில பிடிச்சுக்கோங்க."

அவள் போனாள். போகாமல் இருக்கலாம் என்று தோன்றவே இல்லை. சொன்ன இடத்தில் நிற்பது பதினோரு ஆண்டுகளின் பழக்கம்.

ரேக்கின் முன்பக்கத்துத் தரை வேறு வகை. இயந்திரங்கள் குளிர்காற்றை முகத்தால் குடித்து முதுகால் விடுபவை. ஆகவே முன்பக்கப் பலகைகள் ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான துளைகள், ஒரு விரல் நுழையும் அகலம், நடைவழி நெடுக. அவற்றின் வழியே மேலெழும் காற்று எப்போதும் கணுக்காலைக் கடிக்கும். கையில் தாளோடு போய் நின்றாள். காற்று கடித்தது. மேலாளர் கைபேசியைத் தூக்கிப் பிடித்தார். படத்துக்குள் ரேக் அடங்கவில்லை என்று ஓரடி பின்னால் போனார்.

காற்று நின்றது.

குளிரூட்டிகள் நிற்கவில்லை. அவை இரைந்துகொண்டுதான் இருந்தன. டிஸ்க்குகள் முனகிக்கொண்டுதான் இருந்தன. காற்று மட்டும் வரவில்லை.

அவள் குனிந்து பார்த்தாள்.

துளைகள் அடைபட்டிருந்தன. மேலாளரின் காலடியில் இருந்த பலகை. அதற்கு அடுத்தது. அதற்கும் அடுத்தது. ஒவ்வொரு துளையிலும் ஏதோ ஒன்று, பழுப்பாக, வற்றி, நகத்தோடு.

விரல்நுனி.

ஒருவனுடைய பத்து விரல்கள் அல்ல. நடைவழியின் கடைசிவரை. நூறு. ஆயிரம். சிமெண்டு படிந்தவை. சுண்ணாம்பு தின்றவை. கேபிள் அறுத்த தழும்பு கொண்டவை. ஒரு வில்லைக்குள் அடங்கியவர்கள். ஒரு பட்டியலிலும் வராதவர்கள்.

"தலைய நிமிர்த்துங்க மேடம். கீழ என்ன பாக்குறீங்க?"

அவர் விரல்களின்மேல் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு எதுவும் தெரியவில்லை. அவருக்கு எப்போதும் தெரிந்ததில்லை.

அவள் காலடியைப் பார்த்தாள். அவள் நின்ற பலகையில் மட்டும் துளைகள் காலியாக இருந்தன. ஒன்றில்கூட விரல் இல்லை. துளைகளுக்குக் கீழே, காற்றையும் மறித்தபடி, இருட்டு மட்டும்.

ஏன் இது மட்டும்?

பலகையின் விளிம்பைப் பார்த்தாள்.

இடுக்கில். நான்கு பக்கமும். வரிசையாக. உள்ளிருந்து வெளியே மடங்கி, விளிம்பை இறுகப் பற்றியபடி, தூக்குவதற்குத் தயாரான கைகள்.

"சிரிங்க," என்றார் மேலாளர்.

அவள் சிரித்தாள்.

பலகை அசைந்தது.